பெயர் வைக்கும் முன்பே எழுதி முடித்த இசை

1944 அக்டோபர் இறுதியில், அரங்கேற்றத்துக்கு முந்தைய ஒத்திகையைப் பார்க்க வாஷிங்டன் வந்திறங்கினார் அமெரிக்க இசையமைப்பாளர் ஏரன் கோப்லண்ட். வந்ததும் நடனக் கலைஞர் மார்த்தா கிரகாமிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, இந்த நடனத்துக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்பதுதான். ஓராண்டு உட்கார்ந்து இசையை எழுதி முடித்தவருக்கு அதன் பெயர் தெரியாது. கையெழுத்துப் பிரதியில் அவர் போட்டிருந்தது ‘மார்த்தாவுக்கான பாலே’ என்று மட்டும்தான். ‘அப்பலாச்சியன் ஸ்பிரிங்’ என்றார் கிரகாம். எங்கிருந்து எடுத்தீர்கள் என்றால், அமெரிக்கக் கவிஞர் ஹார்ட் கிரேனின் ஒரு கவிதையிலிருந்து. அந்தக் கவிதைக்கும் நம் நடனத்துக்கும் சம்பந்தம் உண்டா என்றால், இல்லை, தலைப்பு பிடித்திருந்தது, அவ்வளவுதான். இந்த உரையாடலைக் கோப்லண்ட் தன் வாழ்நாள் முழுவதும் பலரிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருக்கிறார். அந்த இசையைக் கேட்டால் அப்பலாச்சியன் மலைகள் கண்முன் தெரிகின்றன, வசந்தம் வந்ததைப் போலவே இருக்கிறது என்று யாராவது அவரிடம் நெகிழ்ந்து சொல்லாத ஆண்டே கிடையாது.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. ‘ஸ்பிரிங்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வசந்தம் என்றும் பொருள், சுனை என்றும் பொருள். கிரேனின் வரியில் வருவது மலைப் பாறையிலிருந்து சுரந்து வரும் சுனை. உலகம் அதை வசந்தமாகவே வாசித்துவிட்டது. நானும் அப்படித்தான். முதன்முறை கேட்டபோது தலைப்பை நம்பி மலைகளையும் பூத்த மரங்களையும் தேடினேன், கிடைத்தன. பிறகு இந்த இசை எப்படி உருவானது என்று படிக்கத் தொடங்கியபோதுதான், நான் கேட்டது பாதி இசை என்பது புரிந்தது. மீதிப் பாதியில் இருப்பது அச்சம். அமெரிக்காவின் மிக அமைதியான இசை என்று பெயர் வாங்கிய ஒன்றுக்குள் அந்த அச்சம் எப்படி வந்தது, பிறகு எப்படிக் காணாமல் போனது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இதற்குப் பணம் கொடுத்தவர் எலிசபெத் ஸ்ப்ரேக் கூலிட்ஜ் என்ற செல்வந்தப் பெண்மணி. சிறு குழுக்கள் வாசிக்கும் புதிய அறையிசைப் படைப்புகள் உருவாகத் தன் சொத்தைச் செலவிட்டவர். வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குள் 1925இல் ஒரு சிறிய இசை அரங்கத்தையே கட்டிக் கொடுத்தவர். மார்த்தாவுக்குப் புதிய இசை எழுதச் செய்யுங்கள் என்று 1942இல் அவருக்கு எழுதித் தூண்டியவர், கிரகாமின் குழுவில் ஆடிக்கொண்டிருந்த எரிக் ஹாக்கின்ஸ். கோப்லண்டுக்குப் பேசிய தொகை 500 டாலர். அந்த அரங்கத்தில் மேடைக்கு முன்னால் வாத்தியக்காரர்களுக்கு இருந்த இடம் மிகக் குறைவு. ஆகவே சிறிய குழுவுக்குத்தான் எழுத வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருந்தது. முடிவில் அது 13 வாத்தியங்களாக அமைந்தது: ஒரு புல்லாங்குழல், ஒரு கிளாரினெட், ஒரு பசூன், ஒரு பியானோ, நான்கு வயலின், இரண்டு வியோலா, இரண்டு செல்லோ, ஒரு டபுள் பாஸ். இந்த இசைக்கே அடையாளமாகிவிட்ட மெலிந்த, காற்றோட்டமான ஓசைக்கு அந்தக் குறுகிய இடமும் ஒரு காரணம்.

கதைதான் இழுபறியாக நடந்தது. கிரகாம் முதலில் அனுப்பியது கிரேக்கத் தொன்மத்தின் மெதேயாவை வைத்து எழுதிய ஒரு திட்டம். பழிவாங்கும் பெண், கொலை, இருள். இது மிகவும் கடுமையாக இருக்கிறது என்று கோப்லண்ட் மறுத்துவிட்டார். அடுத்து வந்தது ‘வெற்றியின் இல்லம்’ என்ற திட்டம். இதில் அமெரிக்க உள்நாட்டுப் போரின் நிழல் இருந்தது. ஒரு தாய், ஒரு மகள், ஒரு குடிமகன், அடிமை நிலையிலிருந்து தப்பி ஓடிவரும் ஒருவன், ஒரு செவ்விந்தியப் பெண் என்று பாத்திரங்கள் இருந்தன. கோப்லண்ட் இதை ஏற்றுக்கொண்டு எழுதத் தொடங்கினார். ஆனால் கிரகாம் மாற்றிக்கொண்டே இருந்தார். செவ்விந்தியப் பெண் போனாள். தப்பி வந்தவனும் போனான். கடைசியில் மேடைக்கு வந்தது இதுதான்: கிரகாம் பிறந்த மாநிலமான பென்சில்வேனியாவின் மலைப்பகுதி, புதிதாக எழுப்பிய ஒரு பண்ணை வீடு, ஒரு மணப்பெண், அவள் கணவன், வயதில் மூத்த ஒரு முன்னோடிப் பெண், ஒரு மதபோதகர், அவருடைய நான்கு சீடப் பெண்கள்.

கோப்லண்ட் இசையை எழுதியது முந்தைய திட்டத்தை மனத்தில் வைத்து. ஒத்திகையில் பார்த்தால், ஒரு செயலுக்காக அவர் எழுதிய இசைக்கு வேறொரு செயல் ஆடப்பட்டது. அவர் கோபப்படவில்லை. அது நடனம் அமைப்பவரின் உரிமை என்று விட்டுவிட்டார். ஆனால் கேட்பவருக்கு இது முக்கியமான செய்தி. பாத்திரங்கள் மேடையிலிருந்து நீங்கினாலும் அவர்களுக்காக எழுதிய இசை நீங்கவில்லை. போரையும் அடிமை முறையையும் நினைத்து எழுதிய பக்கங்கள், ஒரு கல்யாண நாளின் நடுவில் அப்படியே தங்கிவிட்டன.

1944 அக்டோபர் 30. கூலிட்ஜ் அம்மையாரின் எண்பதாவது பிறந்த நாள். அன்று மாலை அவர் கட்டிய அந்த அரங்கத்தில் கிரகாம் குழுவின் மூன்று புதிய நடனங்கள் மேடையேறின. ஒன்றுக்கு இசை டாரியஸ் மியோ, ஒன்றுக்கு பால் ஹிண்டமித், மூன்றாவதற்குக் கோப்லண்ட். மணப்பெண்ணாக ஆடிய கிரகாமுக்கு அப்போது வயது ஐம்பது. கணவனாக ஹாக்கின்ஸ், முன்னோடிப் பெண்ணாக மே ஓடானல், போதகராக மெர்ஸ் கன்னிங்ஹாம்.

மேடை அமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வீடு என்று சொன்னேன். ஆனால் மேடையில் சுவர் கிடையாது. வீட்டின் கோட்டுருவம் போல நாலைந்து மரச் சட்டங்கள், முகப்பின் ஒரு துண்டு, ஒரு வேலித்துண்டு, போதகர் ஏறி நிற்க ஒரு மரத்தண்டு, ஓர் ஆடும் நாற்காலி. அந்த நாற்காலி உட்காரும் பொருளாகத் தெரியவில்லை, சிற்பமாகத் தெரிகிறது. மரமெல்லாம் இழைத்து இழைத்து எலும்பு மட்டும் மிஞ்சியதைப் போல மெலிந்திருக்கிறது. இதைச் செய்தவர் இசாமு நொகுச்சி. தந்தை ஜப்பானியக் கவிஞர், தாய் அமெரிக்கர். ஜப்பானின் பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு மேற்குக் கடற்கரையின் ஜப்பானிய வழி அமெரிக்கர்களை அரசு முகாம்களில் அடைத்தபோது, நியூயார்க்கில் வசித்த நொகுச்சியை யாரும் பிடித்துப் போகவில்லை. 1942இல் அவர் தானாகவே அரிசோனாவின் போஸ்டன் முகாமுக்குள் போனார், அங்கே பயனுள்ளதாக எதையாவது கட்டித் தர முடியும் என்ற நம்பிக்கையில். அந்த நம்பிக்கை பொய்த்துப்போய்ப் பல மாதங்களுக்குப் பின் வெளியே வந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு அமெரிக்கக் குடும்பத்தின் முதல் வீட்டை மேடையில் எழுப்பிக் கொடுத்தார். அந்த வீட்டுக்குச் சுவர் இல்லை என்பதை என்னால் வெறும் அழகியலாகப் பார்க்க முடியவில்லை. சீடப் பெண்களில் ஒருவராக ஆடிய யூரிக்கோவும் அரிசோனாவின் இன்னொரு முகாமிலிருந்து வெளிவந்தவர்தான்.

கோப்லண்ட் யார் என்பதும் இங்கே பொருட்படுத்த வேண்டியது. அமெரிக்க நாட்டுப்புறத்தின் குரல் என்று கொண்டாடப்படும் இவர் 1900இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். லித்துவேனியாவிலிருந்து வந்த யூதக் குடும்பம், கடை வைத்துப் பிழைத்த பெற்றோர். இசை கற்றது பாரிஸில், நாடியா பூலான்ஜேயிடம். 1930இல் அவர் எழுதிய ‘பியானோ வேரியேஷன்ஸ்’ கேட்டால் காதைக் கீறும், அவ்வளவு கூர்மை. 1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், கேட்பவர் யாருமில்லாமல் எழுதுவதில் என்ன பயன் என்ற கேள்வி அவரைப் பிடித்தது. எளிமையாக எழுத முடிவு செய்தார். ‘பில்லி த கிட்’, ‘ரோடியோ’, ‘சாமானியனுக்கான முழக்கம்’ எல்லாம் அந்த முடிவின் விளைச்சல். ‘அப்பலாச்சியன் ஸ்பிரிங்’ அதன் உச்சம். இதன் ஒரு பகுதியை அவர் எழுதியது ஹாலிவுட்டில், ஒரு போர்க்காலத் திரைப்படத்துக்கு இசையமைக்கப் போயிருந்தபோது. மலைக் கிராமத்தில் உட்கார்ந்து எழுதிய இசை அல்ல இது.

இனி இசைக்குள் போவோம். தொடக்கத்தில் கிளாரினெட் மிக மெதுவாக மூன்று சுரங்களை ஒவ்வொன்றாக வைக்கிறது. பிறகு மற்ற வாத்தியங்கள் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. முதல் இரண்டு மூன்று நிமிடங்களில் ஒன்றுமே நடக்காததைப் போலத் தோன்றும். உண்மையில் அங்கே ஒரு நுட்பமான வேலை நடக்கிறது. மேற்கத்திய இசையில் ஒரு பாட்டின் வீடு என்று சொல்லத்தக்க கார்டு, அதாவது ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கட்டு, நம் சுரப் பெயர்களில் சொன்னால் ச-க-ப. அந்த வீட்டுக்குத் திரும்பி வரத் தூண்டும் கார்டு, ப-நி-ரி. இரண்டாவது ஒலித்ததும் முதலாவது வர வேண்டும் என்று காது கேட்கும். இரண்டு நூற்றாண்டு ஐரோப்பிய இசை இந்த இழுப்பை வைத்துத்தான் ஓடியது. கோப்லண்ட் என்ன செய்கிறார் என்றால், இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே நேரத்தில், மெல்ல வைக்கிறார். வீடு திரும்பும் ஆசையும் வீட்டில் இருக்கும் நிம்மதியும் ஒரே கணத்தில் ஒலிக்கின்றன. அதனால்தான் அந்தத் தொடக்கம் அமைதியாகவும் இருக்கிறது, எதற்கோ காத்திருப்பதாகவும் இருக்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் கேட்பவர்கள் அதை விடியற்காலை என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

சுரங்களுக்கு நடுவில் அவர் விடும் இடைவெளியும் கவனிக்கத்தக்கது. அடுத்தடுத்த சுரங்களை நெருக்கி வைக்காமல் தள்ளித் தள்ளி வைக்கிறார். கீழ்ஸ்தாயியில் அடர்த்தி இல்லை. இந்தத் திறந்த ஓசையைத்தான் பிறகு ஹாலிவுட்டின் இசையமைப்பாளர்கள் எடுத்துக்கொண்டு, பரந்த புல்வெளி தெரியும்போதெல்லாம் ஒலிக்கவைத்தார்கள். அதைப் பார்த்துப் பழகிய நமக்கு, அந்த ஓசைக்குள் புல்வெளி இயல்பாகவே இருப்பதாகத் தோன்றுகிறது. புல்வெளி பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

மெதுவான தொடக்கம் முடிந்ததும் நரம்பு வாத்தியங்களும் பியானோவும் ஒரே வெட்டாகப் பாய்ந்து வரும். யாரோ ஜன்னலை விரியத் திறந்ததைப் போல இருக்கும். அதன்பின் மணமக்களின் மென்மையான இணை நடனம், சீடப் பெண்களின் துள்ளல், மணப்பெண்ணின் தனி நடனம் என்று போகிறது. மணப்பெண்ணின் அந்தத் தனி நடனத்தில் மகிழ்ச்சியும் பதற்றமும் எப்படி மாறி மாறித் துடிக்கின்றன என்பதை மட்டும் ஒருமுறை தனியாகக் கேளுங்கள். தாளம் ஓர் இடத்தில் நிற்காது.

பிறகு வருவது எல்லோருக்கும் தெரிந்த அந்த மெட்டு. ‘சிம்பிள் கிஃப்ட்ஸ்’ என்ற ஷேக்கர் பாட்டு. ஷேக்கர்கள் 1774இல் இங்கிலாந்திலிருந்து ஆன் லீ என்ற பெண்ணின் தலைமையில் அமெரிக்கா வந்த ஒரு சிறு கிறிஸ்தவப் பிரிவினர். வழிபாட்டிலேயே ஆடுவார்கள். 1848இல் மெயின் மாநிலத்தின் ஆல்ஃபிரட் என்ற ஊரில் வாழ்ந்த ஜோசப் பிராக்கெட் என்ற மூப்பர் இயற்றியதாக இந்தப் பாட்டைச் சொல்கிறார்கள். எளிமையாக இருப்பது ஒரு வரம், வளைவதற்கும் குனிவதற்கும் வெட்கப்பட மாட்டோம், சுற்றிச் சுற்றிச் சரியான இடத்துக்கு வந்து சேருவோம் என்பது அதன் பொருள். அந்த வளைவும் சுற்றும் ஆடுபவர்களுக்கான அசைவுகளும்கூட. ஷேக்கர்களுக்கு வெளியே அதிகம் பேர் அறியாதிருந்த மெட்டை, 1940இல் வெளிவந்த எட்வர்ட் டெமிங் ஆண்ட்ரூஸின் ஷேக்கர் பாடல் தொகுப்பிலிருந்து கோப்லண்ட் எடுத்தார்.

ஷேக்கர்கள் பிரம்மசரியம் காத்தவர்கள். அவர்களுக்குள் திருமணமே கிடையாது. அவர்களுடைய மெட்டுதான் ஒரு திருமண நடனத்தின் உச்சமாக நிற்கிறது. பென்சில்வேனியாவின் மலைக் கிராமங்களில் ஷேக்கர்கள் குடியேறியதும் இல்லை. ஆராய்ச்சியில் தான் கோட்டைவிட்டதைக் கோப்லண்டே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். ஆனால் இதை ஒரு தவறாக மட்டும் என்னால் எண்ண முடியவில்லை. மணமக்களுக்கு அந்த இடத்தில் தேவைப்பட்டது கல்யாணப் பாட்டு அல்ல. நாளை என்ன வரும் என்று தெரியாத இருவருக்கு, எங்கே இருக்க வேண்டுமோ அங்கே வந்து சேர்வோம் என்று சொல்லும் ஒரு பாட்டு தேவைப்பட்டது.

இங்கேதான் அந்தக் காணாமல்போன பாதிக்கு வருகிறோம். பாலேயின் முழு வடிவத்தில் இந்த மெட்டு தடையில்லாமல் வளர்ந்து போகாது. கிளாரினெட் அதை முதலில் தனியாகப் பாடும், சில மாறுபாடுகள் வரும், பிறகு மெட்டு அறுந்துபோகும். போதகரின் ஆவேசம், இரவைக் கண்ட பயம், இறுதித் தீர்ப்பு நாளின் மிரட்டல், ஏதோ நெருக்கடி நேர்ந்த தருணம் என்று இசை இருண்டுபோய்க் கரடுமுரடாகிறது. சுரங்கள் மோதுகின்றன. 1930இன் கோப்லண்ட் மறுபடி எட்டிப்பார்க்கிறார். கன்னிங்ஹாம் ஆடிய போதகர், சாபம் இடுபவரைப் போல உடலை வெட்டி வெட்டி ஆடும் பகுதி இதில்தான் வருகிறது. அத்தனையும் கடந்த பிறகுதான் ‘சிம்பிள் கிஃப்ட்ஸ்’ திரும்பி வந்து முழு ஓசையில் நிமிர்ந்து நிற்கிறது.

1945இல் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்காகக் கோப்லண்ட் ஒரு தொகுப்பு வடிவம் செய்தபோது, கச்சேரி மேடைக்கு ஒத்துவராது, நடனத்தோடு சேர்ந்தால்தான் பொருள்படும் என்று கருதிய பகுதிகளை நீக்கினார். நீங்கியது ஏறக்குறைய எட்டுப் பத்து நிமிட இசை. அதில் பெரும்பகுதி இந்த இருள்தான். தொகுப்பில் மாறுபாடுகள் ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாக, தடையே இல்லாமல் ஏறி உச்சிக்குப் போகின்றன. நியூயார்க் ஃபில்ஹார்மானிக், ஆர்தர் ரோட்ஜின்ஸ்கியின் தலைமையில் 1945 அக்டோபர் 4 அன்று அதை முதன்முதலாக வாசித்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, ஐரோப்பாவில் போர் முடிந்த அதே மே மாதத்தில், பாலேயின் இசைக்குப் புலிட்சர் பரிசு அறிவிக்கப்பட்டிருந்தது. போர் முடிந்த களைப்பில் இருந்த நாட்டுக்கு அந்த இருபத்தைந்து நிமிட வெளிச்சம் வேண்டியிருந்தது. அது உலகெங்கும் பரவியது. இன்று ‘அப்பலாச்சியன் ஸ்பிரிங்’ என்று யார் சொன்னாலும் பெரும்பாலும் அந்தத் தொகுப்பைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

தொகுப்பு மோசமானது என்று நான் சொல்லவில்லை. அது கச்சிதமான படைப்பு. ஆனால் அச்சத்தை எடுத்துவிட்டால் இறுதி அமைதியின் பொருள் மாறிவிடுகிறது. தொகுப்பில் அது தொடக்கத்திலிருந்தே இருக்கும் அமைதி. முழு பாலேயில் அது உயிரைக் கொடுத்து மீட்ட அமைதி.

வாசிப்பவர்களுக்கும் இதே கேள்விதான். பெரிய ஆர்க்கெஸ்ட்ராவில் ‘சிம்பிள் கிஃப்ட்ஸ்’ உச்சத்தை அடையும்போது பித்தளை வாத்தியங்கள் முழங்கும். நடத்துநர் கொஞ்சம் கைவிட்டால் அது தேசியப் பெருமிதமாக வீங்கிவிடும். கோப்லண்டுக்கு இது தெரிந்திருந்தது. இனிப்பாக்காதீர்கள், உருகாதீர்கள் என்று ஆர்க்கெஸ்ட்ராக்களை அவர் திரும்பத் திரும்பக் கண்டித்தார். சைகோவ்ஸ்கியைவிடக் குளிர்ச்சியாக வாசிக்க வேண்டும் என்பது அவர் சொன்ன அளவுகோல். 1959இல் பாஸ்டன் சிம்பொனியை வைத்து அவரே நடத்திய பதிவு அந்த நிதானத்தோடு இருக்கிறது. லெனர்ட் பெர்ன்ஸ்டைன் நியூயார்க் ஃபில்ஹார்மானிக்கோடு 1961இல் செய்த பதிவு வெப்பமானது, வேகமும் துடிப்பும் உள்ளது. அதன் கவர்ச்சியை மறுக்க முடியாது. யூஜீன் ஆர்மண்டி கேட்டுக்கொண்டதால் 1954இல் விடுபட்ட பகுதிகளையும் கோப்லண்ட் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதிக் கொடுத்தார். மைக்கேல் டில்சன் தாமஸ் சான்ஃபிரான்சிஸ்கோ சிம்பொனியோடு அந்த முழு வடிவத்தைப் பதிவு செய்திருக்கிறார். இருண்ட பகுதிகள் பெரிய ஓசையில் எப்படி இருக்கும் என்று அறிய அது நல்ல வழி.

ஆனால் ஒன்றைத்தான் கேட்க நேரமிருக்கிறது என்றால் 13 வாத்தியங்களின் முழு பாலேயைக் கேளுங்கள் என்பேன். 1970களின் தொடக்கத்தில் கோப்லண்டே அதை நடத்திப் பதிவு செய்தார். அதில் நான்கு வயலின்களின் வில் உராய்வதுகூடக் கேட்கிறது. தவறு செய்தால் மறைந்துகொள்ள ஒருவருக்கும் இடமில்லை. பியானோவின் கட்டை ஓசை மரச் சட்டத்தில் ஆணி அடிப்பதைப் போல விழுகிறது. நொகுச்சியின் சுவரில்லாத வீடும் இந்த ஓசையும் ஒரே கையால் செய்தவை போலப் பொருந்துகின்றன.

நாடு இந்த இசையைத் தன்னுடையது என்று அணைத்துக்கொண்ட விதத்திலும் அந்த அச்சம் விலகவில்லை. 1953இல் அதிபர் ஐசனோவர் பதவியேற்பு விழாவின் கச்சேரியிலிருந்து கோப்லண்டின் ‘லிங்கன் போர்ட்ரெய்ட்’ நீக்கப்பட்டது. முப்பதுகளில் அவர் இடதுசாரி அமைப்புகளோடு இருந்தவர் என்பது காரணம். அதே ஆண்டு மே மாதம், கம்யூனிஸ்டுகளைத் தேடி விசாரித்துவந்த செனட்டர் மெக்கார்த்தியின் துணைக்குழு அவரை அழைத்து விசாரித்தது. அமெரிக்க இசைக்கு முகம் கொடுத்தவரிடம் அமெரிக்க விசுவாசம் குறித்துக் கேள்வி கேட்கப்பட்டது. ஐம்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 2009இல் ஒபாமா பதவியேற்றபோது, கோப்லண்ட் புகழ்பெறச் செய்த அதே ஷேக்கர் மெட்டை வைத்து ஜான் வில்லியம்ஸ் எழுதிய இசை அந்தப் பதவியேற்பு விழாவில் ஒலித்தது. செல்லோக் கலைஞர் யோ யோ மாவும் வயலின் கலைஞர் இட்ஸாக் பெர்ல்மனும் வாசித்தார்கள். கடுங்குளிரில் கம்பிகள் சுருதி இழக்கும் என்பதால், மக்கள் கேட்டது முன்பே பதிவு செய்த ஒலி.

அந்த மெட்டு போன இடங்களில் ஒன்று நமக்கு நெருக்கமானது. 1963இல் சிட்னி கார்ட்டர் என்ற ஆங்கிலேயர் அதற்கு ‘லார்ட் ஆஃப் த டான்ஸ்’ என்ற புதிய பாடல் வரிகளை எழுதினார். கிறிஸ்துவை ஆடுபவராகப் பாடும் பாட்டு. அவருடைய மேஜையில் ஒரு நடராஜர் சிலை இருந்ததாம். அந்தச் சிலையும் தன்னைத் தூண்டியது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆடி வழிபட்ட ஷேக்கர்களின் மெட்டு, ஆடும் தெய்வத்தின் சிலைக்கு முன்னால் மறுபிறப்பு எடுத்திருக்கிறது.

பாலேயின் முடிவுக்குத் திரும்புகிறேன். ‘சிம்பிள் கிஃப்ட்ஸ்’ முழங்கி அடங்கியதும், நரம்பு வாத்தியங்கள் மிகத் தணிந்த குரலில் ஒரு பிரார்த்தனையைப் போல வாசிக்கின்றன. அயலார் விடைபெற்றுப் போகிறார்கள். மணப்பெண் அந்த எலும்பு நாற்காலியில் உட்காருகிறாள். கணவன் பின்னால் நின்று அவள் தோளில் கை வைக்கிறான். தொடக்கத்தில் கேட்ட அந்த இரட்டைக் கார்டு, வீடும் வீடு திரும்பும் ஆசையும் சேர்ந்தது, மறுபடி வருகிறது. ஆனால் சுருதி வேறு. ஏ மேஜரில் தொடங்கிய இசை சி மேஜரில் முடிகிறது. அவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருப்பது சுவர் இல்லாத பக்கத்தை.